பிளேக் கற்பித்த பாடம்: இரத்த ஓட்டமும் சுவாசமும் மரபும்

நகரங்களின் புதிய பகுதிகள் பொதுவாகக் குடியிருப்பு வசதிக்காகவோ தொழில் வளர்ச்சிக்காகவோ தோன்றுகின்றன. பெங்களூரின் பிரேசர் டவுன் ஒரு நோயின் விளைவாகத் தோன்றியது. 1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய், 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. மைசூர் மகாராஜாவின் ஆட்சியிலிருந்த பேட்டைப் பகுதியும், பிரிட்டிஷாரின் நிர்வாகத்திலிருந்த கண்டோன்மென்ட் பகுதியும் ஒருங்கே பாதிக்கப்பட்டன. தமிழ் மக்கள் மிகுதியாக வாழ்ந்த கண்டோன்மென்டின் நெருக்கமான தெருக்களில் சாவு மிகுந்தது. அந்நெருக்கத்தைக் குறைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட புதிய குடியிருப்புக்கு 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1910-இல் அது திறக்கப்பட்டது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று புலிகேசி நகர் என்றும் வழங்கும் பகுதி இதுவே.

இரத்தத்தையும் நுரையீரலையும் தாக்கும் நோய்க்கு மருந்தைத் தேடுவது இயல்பு. வீட்டின் தரையையும் தெருவின் அகலத்தையும் மாற்றியமைத்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, மனித உடலின் மூன்று அடிப்படைச் செய்திகளை அறிதல் வேண்டும். அவை இரத்த ஓட்டம், சுவாசம், மரபு ஆகியன.

நோய் வந்த வழி

பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். அது எலியிடமிருந்து மனிதனை எவ்வாறு அடைகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1898-இல், பெங்களூரில் நோய் பரவிய அதே ஆண்டில், கராச்சியில் ஆராய்ந்த பால் லூயி சீமான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். இக்கருத்தைப் பலர் முதலில் ஏற்கவில்லை. 1905 முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவின் சோதனைகள் அதனை உறுதிப்படுத்தின.

நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சியின் இரைப்பை வாயில் கிருமிகள் பெருகி அடைத்துக் கொள்கின்றன. இதனால் பசி தீராத பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமிகளைக் காயத்தில் கக்குகிறது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் பூச்சி அதனை விட்டு நீங்கி வேறு வெப்ப உடலைத் தேடுகிறது. அந்த எலி மனிதன் உறங்கும் அறையின் தரைக்கடியிலோ கூரையிலோ இறந்திருந்தால், பூச்சிக்குக் கிடைக்கும் அடுத்த உடல் மனிதனுடையது.

இரத்த ஓட்டம்

வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அது ஒரு மூடிய சுற்றில் இயங்குகிறது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலறைகள் இரண்டும் இரத்தத்தைப் பெறுகின்றன. கீழறைகள் இரண்டும் அதனை வெளியே தள்ளுகின்றன. உடலெங்குமிருந்து திரும்பும் இரத்தம் வலப்புற அறைகள் வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. அங்குப் பிராணவாயுவைப் பெற்று இடப்புற அறைகளுக்குத் திரும்பி, மகாதமனி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்பப்படுகிறது. இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 70 முறை அளவில் துடித்து, ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதாவது, உடலிலுள்ள மொத்த இரத்தத்தின் அளவுக்கு ஈடான இரத்தம் ஒரே நிமிடத்தில் நுரையீரலைக் கடந்து விடுகிறது. பிளேக்கின் போக்கை அறிவதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

தமனிகள் கிளைத்துக் கிளைத்து மயிரினும் நுண்ணிய தந்துகிகளாகின்றன. அவற்றின் மெல்லிய சுவர்கள் வழியே உணவும் பிராணவாயுவும் திசுக்களுக்குச் செல்கின்றன, கழிவுகள் திரும்புகின்றன. தந்துகிகளிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி நேராக இரத்தத்திற்குத் திரும்பாமல், நிணநீர் என்னும் பெயரில் தனிக் குழாய்களில் ஓடுகிறது. அக்குழாய்களின் வழியில் நிணநீர்க் கணுக்கள் காவல் நிலையங்கள்போல் அமைந்துள்ளன. அங்குள்ள வெள்ளணுக்கள் கிருமிகளைத் தடுத்துப் போரிடுகின்றன.

தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் காலில் கடிக்கிறது. காலின் நிணநீர் தொடை இடுக்கிலுள்ள கணுக்களை அடைகிறது. எனவேதான் பிளேக்கில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கையில் கடிபட்டவர்க்கு அக்குளில் கட்டுகிறது. நெறி என்பது, உடல் நோயை எதிர்த்துப் போரிடும் இடத்தைக் காட்டும் அடையாளம். போர் தோற்றால், கிருமிகள் கழுத்தருகே நிணநீர் சென்று கலக்கும் பெருஞ்சிரைகள் வழியாக இரத்தத்தில் சேர்கின்றன.

சுவாசம்

மூச்சுக் காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் வழியாக நுரையீரல்களை அடைகிறது. உதரவிதானம் கீழிறங்கி மார்புக் கூடு விரியும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அவை பழைய நிலைக்கு மீளும்போது வெளியேறுகிறது. அமைதியான சுவாசம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்சென்று வெளிவருகிறது.

நுரையீரலின் உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரு பெரிய மண்டபத்தின் தளத்தளவு பரப்பு கிடைக்கும். ஒவ்வொரு நுண்ணறையையும் தந்துகிகள் வலைபோல் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே மிக மெல்லிய சுவர் மட்டுமே உண்டு. இதன் வழியே பிராணவாயு இரத்தத்தில் சேர, சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் அதனை ஏற்றிச் செல்கிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது.

உயிர் காக்கும் இவ்வமைப்பே பிளேக்கில் ஆபத்தாகவும் அமைகிறது. இரத்தத்தில் நுழைந்த கிருமி ஒரு நிமிட அளவிலேயே நுரையீரலை அடைந்து விடும். அங்கு அது நிலைகொண்டால் நுண்ணறைகளில் நீர் சேர்கிறது; வாயு மாற்றம் தடைபடுகிறது; நோயாளி மூச்சுக்குத் திணறுகிறார். அவருடைய இருமலில் தெறிக்கும் நுண்துளிகளிலும் கிருமி உண்டு. அருகிருப்பவர் அதனை நேரே சுவாசிக்கும்போது எலியோ பூச்சியோ தேவையின்றி நோய் பரவுகிறது. சிகிச்சை பெறாத நெறி பிளேக்கில் நோயாளிகளில் பாதியளவினர் இறக்கக்கூடும். சிகிச்சை பெறாத நுரையீரல் பிளேக்கில் பிழைப்பவர் மிக அரியர். நெருக்கமான, காற்றோட்டமற்ற வீடுகள் இரு வகைப் பரவலுக்கும் துணை செய்தன.

மரபின் அடிப்படை

தாய் தந்தையரின் இயல்புகள் மக்களுக்கு எவ்வாறு வருகின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்து கிரிகர் மெண்டல் 1866-இல் வெளியிட்டார். மனித உயிரணுவில் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. இயல்புகளை நிர்ணயிக்கும் ஜீன்கள் இவற்றில் அமைந்துள்ளன.

இரத்த வகை இதற்கு எளிய சான்றாகும். ஏ, பி, ஓ என்னும் மூன்று வகை ஜீன்களில் இரண்டை ஒவ்வொருவரும் பெறுகின்றனர். ஏ, பி ஆகியவை ஓங்கு தன்மையுடையவை. ஓ ஒடுங்கு தன்மையுடையது. தாயும் தந்தையும் ஏ ஒன்று, ஓ ஒன்று உடையவர்களாயின் இருவரும் ஏ வகையினராகவே காணப்படுவர். ஆயினும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஓ வகையாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வெளியில் தோன்றாத ஜீனும் அழிவதில்லை என்பதே இதன் பொருள்.

இங்கு மற்றொரு விதியும் கருதத்தக்கது. வாழ்நாளில் ஈட்டிய பண்புகள் ஜீன்கள் வழியே இறங்குவதில்லை. 1897-இல் வால்டெமார் ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். அத்தகைய ஊசியால் ஒருவர் பெறும் எதிர்ப்பாற்றல் அவரோடு முடிவது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள்கள் கிடைத்தாலும் அவை பிறந்தபின் சில மாதங்களே நிலைக்கும். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெற்றோரின் மகனும் அந்நோய்க்கு முன் பாதுகாப்பற்றவனாகவே வளர்கிறான்.

எலிகள் பெற்ற எதிர்ப்பாற்றல்

பம்பாய் ஆராய்ச்சிகள் வியப்பூட்டும் ஓர் உண்மையை வெளியிட்டன. பிளேக் பல ஆண்டுகள் வாட்டிய பம்பாயின் எலிகளுக்குக் கிருமியைச் செலுத்தியபோது பல பிழைத்தன. பிளேக் அதிகம் பரவாத சென்னையின் எலிகளோ எளிதில் மடிந்தன. இவ்வெதிர்ப்பாற்றல் பரம்பரையாக வருவது என்னும் முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

எந்த எலியும் நோயோடு பழகி அதனைத் தன் குட்டிகளுக்குக் கற்பிக்கவில்லை. ஓர் ஊரில் நூறு எலிகளுள் பத்து மட்டும் எதிர்ப்பாற்றல் தரும் ஜீன்களை இயல்பாகவே உடையன எனக் கொள்வோம். நோய் வரும்போது மற்றவற்றுள் பெரும்பாலானவை மடிய, அப்பத்தின் குட்டிகளே அடுத்த தலைமுறையில் மிகுகின்றன. நோய் திரும்பத் திரும்ப வர, எதிர்ப்பாற்றல் உடையவை பெரும்பான்மையாகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு. பிறந்து சில மாதங்களில் ஈனும் எலிக்குப் பத்தாண்டுகளில் சுமார் முப்பது தலைமுறைகள் கடந்துவிடும். மனிதனுக்கு ஒரு தலைமுறைக்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். மேலும், இவ்வழிக்கு விலை எண்ணற்ற சாவுகள். 1896-க்குப் பின்வந்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் பிளேக்கால் மாண்டோர் ஒரு கோடி அளவினர் என மதிப்பிடப்படுகிறது. இயற்கை எலிகளுக்குச் செய்ததை மனிதருக்கும் செய்யட்டும் என்று எந்த அரசும் காத்திருக்க இயலாது.

நகர் தரும் பாதுகாப்பு

ஜீன்கள் தராத பாதுகாப்பை மனிதன் வேறு வழியில் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல முடியும். பிரேசர் டவுன் அத்தகைய முயற்சி. வீடுகளுக்கிடையே இடைவெளி, அகன்ற தெருக்கள், எலி வளை தோண்ட இயலாத தரை, எலி தங்க இடம் தராத கூரை ஆகியன பிளேக் தடுப்பு நகரமைப்பின் கோட்பாடுகள். பெங்களூரில் மேற்கொண்ட இப்பணி குறித்து ஜே. எச். ஸ்டீபன்ஸ் எழுதிய நூல் 1914-இல் வெளிவந்தது. நகரின் மறுபுறத்தில் பசவனகுடியும் மல்லேசுவரமும் இதே காலத்தில் வளர்ந்தன. உடலினுள் நிணநீர்க் கணு செய்யும் காவலை, உடலுக்கு வெளியே தரையும் சுவரும் செய்தன எனலாம்.

எனினும், கட்டடம் மட்டும் போதாது. குப்பையும் சிந்திய தானியமும் உள்ள இடத்திற்கு எலி மீண்டும் வரும். கல் தரையும் காலப்போக்கில் வெடிக்கும். இரு வீடுகளுக்கிடையே விட்ட இடைவெளியிலும் பின்னர் கட்டடம் எழும். நகரமைப்பின் வழியே வரும் மரபு, ஒவ்வொரு தலைமுறையும் பேணினால் மட்டுமே நிலைப்பது.

இன்றைய கடமை

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்தபின் பிளேக் உரிய காலத்தில் சிகிச்சை அளித்தால் குணமாகும் நோயாகிவிட்டது. ஆனால், அது மறையவில்லை. கோலார் மாவட்டத்தின் முள்பாகல் பகுதியில் 1966-இல் நோய் காணப்பட்டது. 1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் தோன்றியபோது இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். 2004-இல் உத்தரகாசி மாவட்டத்தில் ஒரு கிராமம் பாதிக்கப்பட்டது. காட்டு எலிகளிடையே கிருமி நீண்டகாலம் மறைந்து வாழவல்லது.

ஆகவே, எலிகள் காரணமின்றிக் கூட்டமாக மடிந்தால் அதனை உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தல் முதற்கடமை. இறந்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. நோய் பரவும் பகுதியில் முதலில் பூச்சிக்கொல்லியால் தெள்ளுப்பூச்சிகளை ஒழிக்க வேண்டும். எலிகளைக் கொல்வது அதன் பின்னரே. முறை மாறினால், இறந்த எலிகளை விட்டுப் பூச்சிகள் மனிதரை நாடும். நெறி கட்டி மிகுந்த காய்ச்சல் கண்டவரை ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்; கிருமி இரத்தத்தில் கலந்தபின் நுரையீரலை அடையப் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு.

பெங்களூரில் அன்று மகாமாரிக்கு அஞ்சிய மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். நிர்வாகம் புதிய நகர்ப் பகுதிகளை எழுப்பியது. அத்தலைமுறையின் இரத்தத்தில் தோன்றிய எதிர்ப்பாற்றல் அத்தலைமுறையோடு மறைந்தது. அகன்ற தெருவும் எலி புகாத தரையும், நோயைக் கண்காணிக்கும் அலுவலும் மட்டுமே பின்வந்தோருக்குச் சொத்தாகக் கிடைத்தன. அச்சொத்தைக் குறையாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தல் நகராட்சியின் பொறுப்பும் குடிமக்களின் பொறுப்புமாகும்.