கோடைக் கடைசி அறுவடையும் கொல்லாமையும்



ஆனித் திங்கள் முடியுந் தறுவாயில், தைப் பட்டத்தில் இட்ட வீட்டுத் தோட்டம் தன் கடைசிக் காய்களைத் தந்துகொண்டிருக்கும். ஆடிப் பட்டத்திற்கு மண்ணைச் சீர்செய்யும் வேலையும் அப்பொழுதே தொடங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில வாரங்களில் நம் சமயத்தார்க்குரிய மற்றொரு நாளும் நெருங்கி வருகிறது. ஆஷாட வளர்பிறைச் சதுர்த்தசியில் முனிவர்கள் சாதுர்மாசியம் மேற்கொள்வர். மழைக்காலத்தில் நிலமெங்கும் சிற்றுயிர்கள் பெருகுமாதலின், நடைப்பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவர். அவர்கள் காலடியில் காட்டும் கவனத்தை இல்லறத்தாராகிய நாம் காய் பறிக்கும் கையில் காட்ட வேண்டாவா? இதுவே இப்பாடத்தின் பொருள்.

1. ஒரு சிறுமியின் வினா

நாம் குடியிருக்கும் சுவாமிமலை, கும்பகோணத்திற்கு மேற்கே காவிரியை ஒட்டிய ஊர். இங்குள்ள சிற்பிகள் மெழுகில் வடித்த உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி அச்சு எடுத்து, பின்னரே உலோகத்தை வார்ப்பர். அத்தகைய நயமான வண்டல்தான் நம் வீட்டுக் கொல்லையிலும் உள்ளது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் நீரை ஜூன் 12ஆம் நாள் திறந்துவிடுதல் மரபு. நீர் இருப்பைப் பொறுத்து அந்நாள் முன்பின் ஆவதுண்டு. ஆற்றில் புதுநீர் வந்து சேரும்வரை கோடைத் தோட்டத்தைக் கிணற்று நீரே காக்கிறது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, பீர்க்கு, புடல், பரங்கி, முளைக்கீரை என நாலைந்து பாத்திகள். அவ்வளவே நம் தோட்டம்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பேத்தி உடனிருந்தாள். நாம் முளைக்கீரையைப் பிடிபிடியாகப் பிடுங்கி, வேர்மண்ணை உதறிக்கொண்டிருந்தோம். மண்ணோடு வந்த ஒரு மண்புழு வெயிலில் நெளிந்தது. அவள் அதனை ஓர் இலையில் ஏந்தி ஈரமண்ணில் விட்டுவிட்டு, “பாட்டி, கிழங்கைத் தோண்டினால் உயிர்கள் சாகும் என்று நாம் உண்பதில்லையே, கீரையை மட்டும் ஏன் வேரோடு பிடுங்குகிறீர்கள்?” என்று கேட்டாள்.

ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டு வகுப்பறையில் நின்ற நமக்கு விடை வரவில்லை. “கீரையைப் பிடுங்குவதுதான் வழக்கம்” என்றோம். வழக்கம் என்பது விடையாகாது என்று மாணவர்க்கு எத்தனையோ முறை சொன்ன வாய் அது. வெட்கமாகத்தான் இருந்தது. அன்று மாலையே நூல்களை எடுத்து அமர்ந்தோம்.

2. நூல்கள் தரும் அளவுகோல்

இம்சையை நம் பெரியோர் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு முதலிய இல்லக் கடமைகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றமட்டும் குறைக்க வேண்டும். தோட்டவேலை இல்லக் கடமையைச் சார்ந்தது. ஆயினும், அது தவிர்க்க முடியாதது என்று சொல்லிக்கொண்டு கவனமின்றிச் செய்தால் அது பிரமாதம், அதாவது அசட்டை ஆகிவிடும்.

செடியும் உயிரே, அது தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். ஒரே உடலில் ஒரே உயிர் வாழும் தாவரத்தைப் பிரத்தியேகம் என்றும், ஓர் உடலில் அளவிறந்த உயிர்கள் கூடி வாழ்வதைச் சாதாரணம் என்றும் ஆகமம் பிரிக்கிறது. இவற்றை அறியும் அடையாளத்தைக் கோம்மடசாரம் ஜீவகாண்டம் தருகிறது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் அருளிய நூல் அது. நரம்பும் கணுவும் வெளியே புலப்படாமை, நாரின்றி ஒரே சீராக ஒடிதல், வெட்டிய துண்டும் மீண்டும் முளைத்தல் ஆகியவை பல உயிர்கள் கூடியிருப்பதன் அறிகுறிகள்; இவற்றிற்கு மாறானவை பிரத்தியேகத்தின் அறிகுறிகள் என்பது அதன் கருத்து. கிழங்கை விலக்கும் காரணம் இதனால் விளங்கும். மிக இளம் பிஞ்சைப் பறிக்கத் தயங்க வேண்டிய காரணமும் விளங்கும்.

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை எடுத்துரைப்பவை. பயன் சிறிதும் கேடு பெரிதுமானவற்றை விலக்குக என்பது சமந்தபத்திரர் வகுத்த நெறி. முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றை அவர் அவ்வகையில் சேர்த்தார். இந்நெறியைக் கொண்டு நம் கீரைப் பாத்தியை நோக்கினோம். வேரோடு பிடுங்குவதால் நமக்குக் கிடைப்பது சிறிது நேர மிச்சம் மட்டுமே. செடிக்கோ முழு அழிவு. வேரைச் சூழ்ந்த மண்ணுயிர்களுக்கும் அழிவு. சிறுமியின் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. நாம் செய்தது பிழை.

3. எந்நாளில் பறிப்பது?

கடைத்தெருவில் வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்ப்பர். சட்டென்று ஒடிந்தால் நல்ல காய் என்பர். சீராக ஒடிதல் நூல் கூறும் ஓர் அடையாளமும் ஆகும் என்பதை எண்ணுக. எனவே நாம் விரல் நீளப் பிஞ்சை விட்டுவிட்டு, வரிகள் நன்கு எழும்பிய காயையே கொய்கிறோம். பூ மலர்ந்த நாளிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் வெண்டை பதமாகிறது. நாளை எண்ணி வந்தால் முனையை ஒடிக்க வேண்டியதில்லை. செடியிலிருக்கும் காயை ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று விட்டுச் செல்வது அதற்குப் புண் மட்டுமே தரும்.

அதற்காக மிகவும் முற்ற விடுதலும் தகாது. முற்றிப் பிளந்த காயிலும் பழுத்து அழுகிய காயிலும் புழுபூச்சிகள் குடியேறும்; இரண்டறிவு, மூன்றறிவுயிர்களுக்கு ஊறு நேரும். கத்தரிக்காயின் பளபளப்பு மங்கினால் விதை முற்றிவிட்டது எனலாம். பாகல் மஞ்சளாகு முன்னரே பறித்தற்குரியது. பரங்கி மட்டும் பொறுத்திருக்கும். காம்பு காய்ந்து, தோல் நகம் இறங்காதபடி கெட்டியான பின் கொய்தால் சில மாதம் கெடாது. ஆகவே, பிஞ்சுமன்று, முற்றலுமன்று என்னும் நாளை அறிந்து பறித்தலே முதல் விதி.

4. எவ்வாறு பறிப்பது?

பறிக்கும் வேளை காலை. பனியீரம் உலர்ந்து, இலையின் மறுபுறம் கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளி வந்த பின். பரங்கிப் பூ விடியலில் மலரும். அதனுள் தேனீ இருக்கும். நடுப்பகலுக்குள் பூ கூம்பிவிடும். ஆதலின் பூவருகே கை நீட்டுமுன் நோக்குக. பீர்க்கம்பூ மாலையில் மலர்வது. அதனை நாடி அந்திப்பூச்சிகள் வரும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நாம், பொழுது சாய்ந்தபின் பறிப்பதையும் விடுதல் முறை.

காயைப் பிடித்து இழுத்தல் கூடாது. கொடி அசைந்தால் வேர் அறும், கிளை முறியும். சிறு கத்தியாலோ கத்தரிக்கோலாலோ காம்போடு வெட்டுக. முளைக்கீரையைத் தரைக்கு மேல் நான்கு விரல் விட்டு, கீழ்க்கணுக்கள் இரண்டு மூன்று நிற்கும்படி நறுக்கினால், அடித்தண்டு மீண்டும் தளிர்க்கும். அரைக்கீரையை நம் ஊரார் இவ்வாறுதான் கிள்ளுகின்றனர். மண் ஒட்டாத கீரையை அலசுவதும் எளிது. நீரும் குறைவாகச் செலவாகும். சாதுர்மாசியத்தில் கீரையையே விடும் விரதம் உடையோர், அப்பாத்தியை அப்படியே தளிர்க்க விடலாம்.

5. கத்தரிக்காய் கற்பித்தது

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒன்றுண்டு. தாய் அந்துப்பூச்சி இலையிலும் தளிரிலும் இளங்காயிலும் முட்டையிடும். பொரித்த புழு பெரும்பாலும் காம்பின் மூடிக்கருகே காயினுள் நுழையும். நுழைந்த வழி தூர்ந்துவிடுமாதலால் வெளியே தெரியாது. நாம் காணும் உருண்டைத் துளை பெரும்பாலும் அது வளர்ந்து வெளியேறிய வழியே. எனவே, துளையுள்ள காயில் புழு இல்லாமலும் இருக்கலாம். துளையற்ற காயில் புழு இருக்கவும் கூடும்!

இதனை அறியாமல் எத்தனை முறை முழுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கியிருப்போம் என்று எண்ணியபோது மனம் நடுங்கிற்று. இப்பொழுது எக்காயையும் பகல் ஒளியில் நெடுகப் பிளந்து நோக்காமல் அடுப்பில் இடுவதில்லை. புழு இருப்பின், அப்பாதியைத் தோட்டத்து நிழலில் வைக்கிறோம். அதனால் அவ்வுயிரைக் காத்துவிட்டோம் என்று பெருமை கொள்ள இயலாது. எறும்போ பறவையோ கொண்டுபோகக் கூடும். நம் கையால் வேகவில்லை என்ற அளவே ஆறுதல். பல விதையுடையது என்று கத்தரியையே விலக்குவோரும் நம்மில் உளர். நாம் ஆடிப் பட்டத்தில் அப்பாத்தியில் கத்தரிக்கு மாறாகக் கொத்தவரையை இட்டோம். கத்தரிக்குப் பின் மீண்டும் கத்தரி இட்டால் அப்பூச்சி பெருகும். பின்பு மருந்து தெளிக்கும் எண்ணம் வரும். பயிரை மாற்றினால் அவ்வெண்ணத்திற்கே இடமில்லை.

6. எவ்வளவு பறிப்பது?

அன்றைய சமையலுக்கு வேண்டுமளவே பறித்தல் நுகர்பொருளை அளவிடும் விரதத்தின் ஒரு பகுதி. ஆயின் வெண்டையும் புடலும் காத்திரா. மிகுந்ததை அன்றே அண்டை வீட்டார்க்குக் கொடுத்துவிடுக. வாடவைத்து எறிவது, பறித்த உயிருக்கு இழைக்கும் இரண்டாம் ஊறு. நல்ல செடியில் ஓரிரு காய்களை விதைக்கென விடுக. அவை செடியிலேயே நன்கு காய்ந்தபின் எடுத்தால் அடுத்த பட்டத்திற்கு விதை ஆகும்.

பருவம் முடிந்த செடியைப் பிடுங்கிக் குவித்து எரித்தல் பலரது வழக்கம். அச்சருகில் வாழும் சிற்றுயிர் எத்தனை! நாமோ அடித்தண்டை அறுத்து, வேரை மண்ணிலேயே விடுகிறோம். அது தானே மக்கும். தண்டும் சருகும் கொல்லை மூலையில் கிடந்து எருவாகும். மண்ணைக் கொத்துவதும் குறைகிறது.

7. அறுவர் கதை

ஜீவகாண்டம் கூறும் லேச்யை உவமையை இளமையில் கேட்டிருப்பீர்கள். பசித்த அறுவர் கனி நிறைந்த மரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு வீழ்த்த எண்ணினான், மற்றவன் அடிமரத்தை வெட்ட, மூன்றாமவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறுகிளையை, ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்க, ஆறாமவன் உதிர்ந்ததை எடுத்து உண்ண. கிருஷ்ணம், நீலம், காபோதம், பீதம், பத்மம், சுக்கிலம் என்னும் அறுவகை மனநிலைகள் இவை. அறுவர்க்கும் பசி ஒன்றே, எண்ணமே வேறு.

கீரையைப் பிடுங்கிய அன்று நாம் நின்ற இடம் முதலாமவன் பக்கத்தில். வெண்டையும் கீரையும் உதிர்ந்து கிடைப்பன அல்லவாதலின் ஆறாமவனாக நம்மால் ஆக இயலாது. ஐந்தாமவனாக ஆவது இயலும். அதற்கு ஒரு சிறு கத்தியும் சிறிது பொறுமையும் போதும்.

சிறுவர்க்குப் பயிற்சி

(அ) வெண்டைப் பூ ஒன்று மலர்ந்த நாளைக் குறித்துவைத்து, காய் பதமாகும் நாளைக் கண்டறிக.

(ஆ) பிடுங்கிய கீரையையும் நறுக்கிய கீரையையும் தனித்தனி நீரில் அலசி, நீரின் அடியில் தங்குவதை ஒப்பிடுக.

(இ) காய் பறிக்கச் செல்லுமுன், “இன்று நான் அறுவரில் யார்?” என்று கேட்டுக்கொள்க. விடையைப் பெரியோரிடம் ஒளியாமல் சொல்லுக. பெரியோரும் தம் விடையைச் சிறுவரிடம் சொல்லுக.

ஜிநதருமம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!