வாடகையும் நீதியும்

வினா: முதல் தேதி வாங்கும் சம்பளம் வாடகை கொடுத்ததும் கரைந்து, பத்தாம் தேதி கடன் வாங்க நேரிடுகிறது. இது தொழிலாளியின் குற்றமா?

விடை: குடியும் சூதும் காரணமானால், ஆம். அநேகர் வீட்டில் அப்படியல்ல. பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ நிருபம் போதிப்பதாவது: கூலியானது மனைவி மக்களைக் காப்பாற்றவும், சிக்கனமாயிருந்தால் சிறிது மிச்சம் பிடிக்கவும் போதுமானதாயிருக்க வேண்டும். தொழிலாளி நிர்ப்பந்தத்தால் சம்மதித்தான் என்பதால் குறைந்த கூலி நீதியாகிவிடாது.

வினா: வீட்டுக்காரருக்கும் இதில் கடமை உண்டா?

விடை: உண்டு, அதே நியாயம் வாடகைக்கும் பொருந்தும். வேறு வீடு கிடையாமல் ஒருவன் சம்மதித்தான் என்பதற்காக, அவன் பிள்ளைகளின் சோற்றுப் பணத்தை வாடகையாக வாங்கலாகாது. பிரியமான பங்கு மக்களே, வீடு வாடகைக்கு விடுவோரும், காலி செய்தவனுக்கு அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்போரும், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.