பைக் ஈரத்தை விரட்ட எந்த புளோயர்?

பைக்கைக் கழுவித் துடைத்தாலும் சுவிட்ச், ஸ்பார்க் பிளக் இடுக்குகளில் தண்ணீர் தங்கிவிடுகிறது. ஏர் புளோயர் வாங்கலாமா? வீட்டிலிருக்கும் ஹேர் டிரையரே போதாதா?
– வாசகர், ஈரோடு

தாராளமாக வாங்குங்கள். பைக்குக்கு 500 முதல் 700 வாட்ஸ் வரையுள்ள சாதாரண கை புளோயர் போதும். கம்ப்யூட்டருக்குள் தூசி ஊதுகிறார்களே, அதேதான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் குறுகலான மூக்கும் அவசியம். மூக்கு ரப்பரில் இருந்தால் பெயின்ட்டில் பட்டாலும் கீறாது. பேட்டரியில் ஓடுவது கைக்கு வசதி, விலைதான் கூடுதல்.

ஹேர் டிரையர் வேண்டாம். இடுக்கில் நிற்கும் தண்ணீரை விரட்டுவது காற்றின் வேகம்தான், சூடு அல்ல. சூடு பட்டால் ஸ்டிக்கர்தான் கிளம்பும்.

மேலிருந்து கீழாக ஊதுங்கள்: மீட்டர், சுவிட்ச், சாவித் துவாரம், பிளக் குழி, கடைசியில் செயின். செயின் காய்ந்ததும் மறக்காமல் லூப் அடியுங்கள். புளோயரை மண் தரையில் வைத்து ஓட்டாதீர்கள். உறிஞ்சிய மண்ணை அப்படியே பெயின்ட் மீது வீசும். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், வயர் ஈரத்தில் கிடக்க வேண்டாம்.

வீட்டிலேயே பைக் கழுவுகிற உங்களுக்கு இது வீண் செலவே அல்ல. நம்பி வாங்குங்கள்!