முட்டுவலியும் சுக்குக் கஷாயமும்

காலையில் கடை திறந்து இரவில் அடைக்கும் வரை நின்ற நிலையிலேயே வியாபாரம் பார்ப்பவர்கள் நம்மில் மிகப் பலர். சூலியா தெருவிலும் பினாங்கு தெருவிலும் துணிக்கடை, மளிகைக்கடை, நாசி கண்டார் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஐம்பது வயது கடந்ததும் முழங்கால் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. சுஜூதிலிருந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. "இதற்கு நல்ல கஷாயம் உண்டா?" என்று பலரும் கேட்பதால் இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் வலியின் வகையை அறியவேண்டும். மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வரும் வலி, நடந்தால் கூடும், இருந்தால் குறையும். முடக்குவாதத்தில், காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் வீங்கி, நெடுநேரம் விறைத்திருக்கும். யூரிக் அமிலம் மிகுந்து வரும் வலியோ, பெரும்பாலும் கால் பெருவிரலில் இரவோடு இரவாகச் சிவந்து எரியும். பின்னிரண்டையும் கஷாயத்தால் ஆற்றிவிடலாமென்று காலம் கடத்தலாகாது, டாக்டரிடம் காட்டவேண்டும்.

தேய்மான வலிக்குச் சுக்குக் கஷாயம் ஓரளவு துணை செய்யும். ஒரு சிறு துண்டு சுக்கைத் தட்டி, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி, மிளகு நான்கு சேர்த்து, 2 கோப்பைத் தண்ணீரில் இட்டு, 1 கோப்பையாகச் சுண்டக் காய்ச்சுக. மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்ப்பதும் உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமின் தனித்து உடலில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் கூடினால் பன்மடங்கு சேருமென்று பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998-இல் கண்டனர். நீரிழிவுள்ளவர்கள் கருப்பட்டியோ சீனியோ சேர்க்க வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் டாக்டரைக் கேளாமல் தினமும் அருந்த வேண்டாம்.

இக்கஷாயத்தின் பலன் மெதுவானது, சிறியது. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துவிடாது. உடல் எடையைக் குறைத்தலும், கல்லாவில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வதும் அதனினும் பெரிய மருந்தாகும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. "ஒரே நாளில் வலி போகும்" என்று விற்கப்படும் ஜாமு, மாஜுன், மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்கள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றனர். வலி உடனே நிற்பது அதனாலேதான். நாளடைவில் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். உடல் தானே சுரக்க வேண்டியதை மறந்துவிடுவதால், திடீரென நிறுத்தினாலும் மயக்கமும் ஆபத்தும் உண்டு. ஆகவே இத்தகையதை நெடுநாள் உண்டவர்கள், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வீர்களாக.

வாங்குமுன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவான பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் 'டி' என்னும் எழுத்து வரும் எண் இருக்கும். எண்ணைப் போலியாக அச்சிடுவோரும் இருப்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதனைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

வாங்குவோர் மட்டுமல்லர், விற்போரும் நாமே. பதிவில்லாத மருந்தை விற்பது 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். தனியாள் ஒருவருக்கு முதற் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்திற்கு மேலும் ஒன்று உண்டு. நம்மை நம்பிக் கேட்கும் முதியவருக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கே தெரியாத பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பது அமானிதத்துக்கு மோசம் செய்வதாகாதா? சுக்கும் மல்லியும் நம் கடைச் சாக்கிலேயே இருக்கின்றன. அவற்றை நிறுத்துக் கொடுப்போம். "மெல்லத்தான் கேட்கும், பாவா" என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்வோம்.