கேக்கைக் கேக்காகவே கொடுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வங்கியில் உடன் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் கொடுக்கிறீர்கள். "கேக் கொடுத்தால் சாட்சி ஆகிவிடுமா? உள்ளே ஒரு கைப்பிரதியாவது வைக்க வேண்டாமா?" என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டது உங்களை உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வைக்க வேண்டாம் தம்பி. தீபாவளிக்கு அவர்கள் தந்த முறுக்குப் பொட்டலத்தில் நமக்காக எதையும் ஒளித்து வைக்கவில்லையே. ஆனால், "கிறிஸ்மஸ்னா உங்களுக்கு என்ன சார்?" என்று யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். அந்தப் பெரியவரின் ஆதங்கம் அந்த அளவில் நியாயமானது.

லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். வயல்வெளியில் இராக்காவல் காத்த மேய்ப்பர்கள் பிள்ளையைக் கண்டார்கள், தங்களுக்குச் சொல்லப்பட்டதை ஊராருக்குச் சொன்னார்கள், தேவனைத் துதித்தபடி திரும்பிப் போனார்கள். எத்தனை பேர் நம்பினார்கள் என்ற கணக்கை லூக்கா எழுதவே இல்லை.

நம் மண்ணில் சாட்சி என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798இல் தஞ்சையில் மரித்தவர். அவர் காலத்தில், ஐதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமை பாழாகி, உழவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். திரும்பி வரும்படி அரண்மனை அழைத்தது, யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்து ஏர் பிடித்தார்கள். பஞ்சம் வரும் என்று முன்பே அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்து, பசித்தவர்களுக்குப் படியளந்ததும் அவர்தான். ஐதர் அலிகூட, கிழக்கிந்தியக் கும்பினியார் தூது அனுப்புவதானால் இவரைத்தான் அனுப்ப வேண்டும் என்றார். அவர் பிரசங்கமும் செய்தார், ஓயாமல் செய்தார். அவருடைய சொல்லுக்கு எடை கொடுத்தது அவருடைய வாழ்க்கை.

அவர் பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும், மரணப்படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைத் தாம் பற்றியிருப்பதுபோல் பளிங்கில் செதுக்கச் செய்து தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். சுவார்ட்ஸின் சாட்சி வீணாயிற்று என்று யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன்.

"கிறிஸ்மஸ்னா உங்களுக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டால் என் பதில் சிறியது. அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த மாதங்களில், தேவன் தூரத்தில் நின்று பார்க்கிறவர் அல்ல, முன்னணையில் பிள்ளையாய்க் கிடக்கும் அளவுக்கு இறங்கி வந்தவர் என்பதுதான் என்னைத் தாங்கியது. அதைத்தான் சொல்வேன். நீங்கள் என்னுடையதைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவர்களுடைய சாமியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைத்துப் பேச வேண்டாம்.

கடைசியில், உங்கள் கிளையில் வேலை செய்யும் ஒரு அம்மா இந்த வருஷம் கணவரைப் பறிகொடுத்தார் என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிதான். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், அவர் கணவரைப் பற்றிப் பேசக் கேட்டுக்கொண்டிருங்கள். குடும்ப ஓய்வூதியத் தாள்கள் இன்னும் நகராமல் கிடந்தால், விடுமுறை முடிந்ததும் நீங்களே கூட இருந்து முடித்துக் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் அண்ணன்