தோலின் நிறமாற்றங்கள்: அவற்றைப் பகுத்தறிதலும் பரிகாரமும்

கிராமத்தில் ஒருவருடைய தேகத்தில் வெண்மையான படை தோன்றுமாயின், அயலார் அதனைக் கண்டு அஞ்சுவதும், வீட்டார் அதனை மறைத்து வைப்பதும் வழக்கமாயிருக்கின்றன. இவ்விரண்டு செய்கைகளாலும் தீங்கே விளைகிறது. ஒருவரையும் தொற்றாத வெண்புள்ளியை உடையவர் பந்தியிலிருந்தும் விவாக சம்பந்தத்திலிருந்தும் விலக்கப்படுகிறார். மெய்யாகவே சிகிச்சை வேண்டிய குஷ்ட நோயின் படையோ, நோவும் அரிப்பும் இல்லாமையால் ஒருவராலும் கவனிக்கப்படாமல், விரல்கள் மடங்கிய பின்னரே வைத்தியரிடம் காட்டப்படுகிறது. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, கவனிக்க வேண்டியதைக் கைவிடும் இந்நிலை மாறவேண்டுமாயின், படைகளின் பேதங்களைக் கிராமத்தார் ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம். பள்ளி உபாத்தியாயர்களும், கிராம சுகாதார ஊழியர்களும், குடும்பத் தலைவர்களும் இப்பாடத்தைப் படித்துப் பிறர்க்கும் எடுத்துரைப்பார்களாக.

1. தோலுக்கு நிறம் உண்டாகும் விதம்

தோலின் மேலடுக்கினுடைய அடிப்பாகத்தில் நிறத்தை உண்டாக்கும் நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன. இவை மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் செய்து, சுற்றியுள்ள அணுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் இவ்வணுக்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறப்பொருளின் அளவும், அது பரவி நிற்கும் விதமுமே வேறுபடுகின்றன. வெயிலின் கொடுமையிலிருந்து தேகத்தைக் காப்பது இந்நிறப்பொருளின் தொழில். ஆதலால் கருநிறம் ஒரு குறையன்று. வெப்ப தேசத்தில் அது தேகத்திற்கு இயற்கை அளித்த குடையாகும்.

நிறவணுக்கள் அழிந்தால் தோல் வெளுக்கும்; அவற்றின் தொழில் தடைப்பட்டால் நிறம் மங்கும்; அவை அளவுக்கு மிஞ்சித் தூண்டப்பட்டால் கறுக்கும். நிறமாற்றங்களிற் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

2. வெளுத்த படைகள் நான்கு

முதலாவது, தேமல். இது தோலின்மேல் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. மார்பு, முதுகு, கழுத்து, புயம் ஆகிய இடங்களில் சிறு சிறு வட்டங்களாகத் தோன்றும். நகத்தால் சுரண்டினால் தவிடு போல் மெல்லிய செதிள் உதிரும். வியர்வை மிகுந்த காலத்தில் அதிகப்படும். கீட்டோகோனசோல் அல்லது செலீனியம் ஸல்பைடு சேர்ந்த திரவத்தை வைத்தியர் சொன்னபடி பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவினால் பூஞ்சணம் அழியும். ஆனால் பழைய நிறம் திரும்பச் சில வாரங்களோ மாதங்களோ செல்லும். அதற்குள் மருந்து பலிக்கவில்லையென்று எண்ணி வேறு மருந்துகளைத் தேடி அலைதல் வீண்.

இரண்டாவது, குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய படை. இதன் ஓரம் தெளிவாயிராது. தோல் சற்றே வறண்டிருக்கும். வயிற்றுப் பூச்சியால் வருவதென்று பலர் எண்ணிப் பேதிக்குக் கொடுக்கின்றனர். உண்மையில் இது தோல் வறட்சியைச் சார்ந்த இலேசான அழற்சியே. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைத் தடவி, வெயிலையும் காரமான சோப்பையும் குறைத்தால் நாளடைவில் மறையும்.

மூன்றாவது, வெண்புள்ளி. இதன் நிறம் பால் போல் வெண்மையாயிருக்கும், ஓரம் தெளிவாயிருக்கும், செதிள் உதிராது, தொடு உணர்ச்சி குன்றாது. உதடு, கண்ணைச் சுற்றிய இடம், விரல் நுனி, முழங்கால், முழங்கை ஆகியவற்றில் பெரும்பாலும் தோன்றும். தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தன் நிறவணுக்களை அழிப்பதால் இது உண்டாகிறது. இது கிருமியால் வருவதன்று. தொடுவதாலும், உடன் உண்பதாலும், ஒரே பாயிற் படுப்பதாலும் பரவாது. மீனையும் பாலையும் சேர்த்து உண்டதால் வந்தது என்பதும் மெய்யன்று. முற்காலத்தில் இதனை வெண்குஷ்டம் என்று வழங்கிய பெயரே பெருந்தீங்கு செய்தது. குஷ்டத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமையால் அப்பெயரை அடியோடு விட்டுவிடுதல் வேண்டும்.

நான்காவது, குஷ்ட நோயின் படை. இது பால்வெண்மையாக இராது. வெளிறியோ செம்மை கலந்தோ இருக்கும். அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும், வியர்வை சுரவாது, உரோமம் குறைந்திருக்கும். நோவும் அரிப்பும் இல்லாமையே இதன் வஞ்சகம்.

3. உணர்ச்சியைப் பரிசோதிக்கும் முறை

சந்தேகமான படையைக் கண்டால் பின்வருமாறு செய்க. சிறிது பஞ்சைத் திரித்துக் கூராக்கிக் கொள்க. முதலில் நோயாளி கண் திறந்திருக்கையில் நல்ல தோலின்மேல் அதனால் தொட்டு, தொடப்பட்ட இடத்தை விரலால் காட்டும்படி கற்பிக்க. பிறகு கண்களை மூடச் செய்து, படையின்மேலும் நல்ல இடத்தின்மேலும் மாறிமாறித் தொடுக. நல்ல இடத்தைச் சரியாகக் காட்டியும், படையின்மேல் தொட்டதை அறியாதிருப்பாராயின், தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். ஊசியாற் குத்திப் பார்த்தலும் சூடு வைத்துப் பார்த்தலும் கூடா.

முகத்திலுள்ள படையிலும், பல படைகள் பரவிய நிலையிலும் உணர்ச்சி முற்றும் நீங்காதிருத்தல் உண்டு. ஆதலால் இப்பரிசோதனையில் உணர்ச்சி இருப்பதாகத் தோன்றியமை ஒன்றைக்கொண்டே குஷ்டம் இல்லையெனத் தீர்மானித்தல் ஆகாது. ஐயம் நீங்காதவிடத்து வைத்தியரே முடிவு கூறத்தக்கவர்.

4. குஷ்டம் தீரக்கூடிய நோய்

இந்நோயை உண்டாக்கும் கிருமியை 1873-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் கண்டறிந்தார். 1940-களுக்கு முன்னர் நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழியே செலுத்துவதே முக்கிய சிகிச்சையாயிருந்தது. அதன் பயன் சொற்பம். பின்னர் ஸல்போன் மருந்துகள் வந்தன. 1981-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை விதித்தது. நோயின் அளவிற்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்டால் நோய் தீரும். அரசாங்க சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை பெரிதும் ஒழிந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அம்மருந்துகளுள் குளோபாஸிமின் என்பது தோலைச் செம்பழுப்பாக்கிக் கறுக்கச் செய்யும். இதனைக் கண்டு அஞ்சிச் சிலர் மருந்தை நடுவில் நிறுத்திவிடுகின்றனர். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் இந்நிறம் படிப்படியாகக் குறையும்; ஆனால் மருந்தை நிறுத்தியதால் கெட்ட நரம்பு எளிதில் திரும்பாது. இதனை நோயாளிக்கு முன்னதாகவே சொல்லிவைத்தல் ஊழியரின் கடமை.

குஷ்டரைப் பிரித்து வைக்க இயற்றப்பட்ட 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. குஷ்டத்தைக் காரணமாகக் காட்டி விவாகத்தை ரத்துச் செய்யும் விதியும் 2019-இல் நீக்கப்பட்டது. சட்டம் விலக்காதவரை ஊர் விலக்குதல் நியாயமாகாது.

5. வெண்புள்ளிக்குச் சிகிச்சை

வெண்புள்ளிக்கு ஒரே மாத்திரையில் தீரும் மருந்து இல்லை. ஆயினும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் பிழை. புதிதாய்ப் பரவும் காலத்தில் விரைந்து சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். வைத்தியர் மேற்பார்வையில் பூசும் ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பும், 311 நானோமீட்டர் அளவுள்ள புறஊதா ஒளியை வாரம் 2 அல்லது 3 முறை செலுத்துதலும் வழக்கமான முறைகள். ஒளிச் சிகிச்சைக்குப் பல மாதங்கள் பொறுமை வேண்டும். நிறம் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் திரும்பும். பிறகு அவை ஒன்றோடொன்று கூடும். முகத்தில் பலன் விரைவு. விரல் நுனியிலும், உரோமமும் நரைத்த இடத்திலும் பலன் குறைவு. ஓராண்டளவு பரவாமல் நின்ற படைகளுக்கு நிறவணுக்களை எடுத்து நடும் சிகிச்சையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் ருக்ஸோலிட்டினிப் என்னும் களிம்பு அமெரிக்க தேசத்தில் இதற்கென அங்கீகரிக்கப்பட்டது.

கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது நம் நாட்டுப் பழமையான முறை. அதிலுள்ள ஸோரலின் என்னும் பொருள் ஒளியுடன் சேர்ந்து நிறவணுக்களைத் தூண்டுவது மெய்யே. ஆனால் அளவறியாது செய்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். புண்பட்ட இடத்தில் புதிய வெண்மையும் தோன்றலாம். ஆதலால் வீட்டில் தாமே செய்துகொள்ளலாகாது. இந்நோயுள்ளவரிற் சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் இருத்தலால், வைத்தியர் சொல்லுமிடத்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் நலம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஒட்டும் பொட்டின் பசையிலும், ரப்பர்ச் செருப்பிலும் உள்ள சில இரசாயனங்கள் நிறவணுக்களைக் கொல்ல வல்லவை. நெற்றியில் பொட்டின் வடிவாகவும், பாதத்தில் செருப்பு வாரின் வடிவாகவும் வெண்மை காணின், அப்பொருளை உடனே விலக்குக.

6. கறுத்தல்

கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, கர்ப்ப காலத்திலும், கர்ப்பத் தடை மாத்திரை உண்போர்க்கும், வெயிலில் உழைப்போர்க்கும் மிகும். வெயிலை மறைத்தலே முதற் சிகிச்சை. அஃதின்றி வேறெம்மருந்தும் நிலைத்த பலன் தராது. வயலுக்குச் செல்வோர் முந்தானையாலோ அகன்ற தொப்பியாலோ முகத்தை மறைத்துக்கொள்க.

சிவப்பழகு தருவதாகக் கடைகளில் விற்கும் களிம்புகளிற் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தும், வேறு சிலவற்றில் பாதரசமும் மறைந்திருக்கின்றன. ஸ்டீராய்டால் முதல் வாரங்களில் முகம் தெளிந்தாற்போல் தோன்றும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, பருவும் உரோமமும் உண்டாகும். நிறுத்தினால் எரிச்சல் பொறுக்க முடியாது. பாதரசமோ தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது இக்காரணம் பற்றியே.

கழுத்தும் அக்குளும் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் கறுத்தல் அழுக்கன்று, தேய்த்தால் போகாது. அது பெரும்பாலும் உடற்பருமனையும், பின்வரக்கூடிய நீரிழிவையும் அறிவிக்கும் அடையாளமாதலால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். விரல் மூட்டுகள் கறுத்து, நாக்கு வழவழத்துச் சோர்வும் இருப்பின், பி12 என்னும் வைட்டமின் குறைவு காரணமாயிருக்கலாம். பாலும் மாமிச உணவும் கொள்ளாதவரிடம் இது காணப்படும்.

7. நாம் செய்யத்தக்கவை

வெண்புள்ளியுள்ள சிறுமியைப் பள்ளியில் தனியே உட்கார வைத்தல் கூடாது. உபாத்தியாயர் அவளுடைய கையைப் பிடித்து எழுதக் கற்பித்தலே வகுப்பு முழுவதற்கும் தக்க பாடமாகும். பெண் கேட்டு வந்தவர் ஐயுற்றால், இது தொற்றுவதன்று என்பதை ஊர்ப் பெரியோர் கூசாமல் எடுத்துரைத்தல் வேண்டும். உணர்ச்சியற்ற படையுள்ளவரைப் பழியாமல், உடன் சென்று சுகாதார நிலையத்தில் காட்டுதல் அண்டை வீட்டாரின் தர்மம். காலத்தில் செய்த இச்சிறு உதவி ஓர் உழவனுடைய கை விரல்களைக் காக்கும்.

பாட வினாக்கள்

1. வெண்புள்ளிக்கும் குஷ்டப் படைக்கும் உள்ள வேற்றுமைகள் யாவை?
2. தொடு உணர்ச்சியைப் பரிசோதிக்கும் முறையை விவரிக்க.
3. குஷ்ட மருந்தால் தோல் கறுப்பின் நோயாளிக்கு யாது கூறுவீர்?
4. சிவப்பழகுக் களிம்புகளால் விளையும் தீங்குகள் எவை?
5. உம்முடைய ஊரில் நிறமாற்றத்தால் விலக்கப்பட்டவர் எவரேனும் உளரா? அவர்பொருட்டு நீர் செய்யக்கூடியது யாது?