சத்து மாத்திரையையும் சொல்லிவிடுங்கள்



நம் அறக்கட்டளையில் மருத்துவ உதவி பெறும் பெரியவர் ஒருவருக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். மாதந்தோறும் மாத்திரை கொடுத்தும் கை நடுக்கமும் உடல் விறைப்பும் கூடிக்கொண்டே போயின. அவருடைய மகன் மருந்துப் பையுடன் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். உதவிக்கு வந்திருந்த பி.ஃபார்ம் மாணவர் பையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தது.

"இரண்டையும் ஒரே நேரத்திலா கொடுக்கிறீர்கள்?"

"ஆமாம் தம்பி. வாப்பா சோர்ந்து போயிருக்கிறார்களே என்று நாங்களாகத்தான் வாங்கினோம்."

மருத்துவரிடம் சொன்னதும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது பெரியவர் தொழுகைக்குத் தாமே எழுந்து நடக்கிறார்.

இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது. மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் இந்நோய் வருகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யும் முக்கிய மருந்து லெவோடோபா. இரும்புச்சத்து இம்மருந்தோடு குடலில் ஒட்டிக்கொண்டு, அது இரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடும். எனவே இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். புரதப் பவுடரும், இறைச்சி மிகுந்த உணவும் இம்மருந்தோடு போட்டியிடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடச் சொல்கிறார்கள்.

நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. "மூலிகைதானே" என்று மாத்திரையோடு அதையும் கொடுத்தால் அளவு மிஞ்சி, வாந்தியும் மனக்குழப்பமும் தன்னையறியாத உடல் அசைவுகளும் வரலாம். கோஎன்சைம் கியூ10, வைட்டமின் ஈ, கிரியேட்டின் ஆகியவை நோயின் வேகத்தைத் தணிக்குமா என்று பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. ஏழைக் குடும்பம் கடன் வாங்கி இவற்றை வாங்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், பி12, வைட்டமின் டி போன்றவை உடலில் உண்மையிலேயே குறைந்திருந்தால், மருத்துவர் சோதித்துத் தருவதை மறுக்கவும் வேண்டாம்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. விசாரித்துத் தேடுவது அதன் ஒழுங்கு. வீட்டில் சாப்பிடும் மாத்திரை, டானிக், லேகியம், பவுடர் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்தியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் மெடிக்கல் கடையில் நிற்கும் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். மருந்துச் சீட்டில் உள்ளதை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். சத்து மாத்திரைகளைப் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியும், இன்ஷா அல்லாஹ், உங்களுக்கு ஸதக்காவாக எழுதப்படும்.